பால் கல்லும் பல் செட்டும்

என் அண்ணன் நாலு பேரைச் சிரிக்க வைப்பான். அதற்கு ஐந்தாவதாக ஒருவர் அழ வேண்டும். அந்த ஐந்தாவது ஆள் பெரும்பாலும் என் அண்ணிதான்.

அண்ணியின் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் முதல் வரியிலேயே இவன் வந்து குந்திக்கொள்கிறான். எனக்கு இதுவே எரிச்சல். எங்கே போனாலும் அப்படித்தான். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் நட்ட நடுவில் நின்றுகொண்டு, பெரிய பெரிய வெள்ளைப் பற்களைக் காட்டி ஏதாவது சொல்லுவான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஃபர்னிச்சர் ஷோரூமில் அவனுக்கு விற்பனை வேலை. அந்தப் பல்லைக் காட்டித்தான் கட்டில் விற்றான். அந்தப் பல்லைக் காட்டித்தான் பெண்ணும் கட்டினான்.

நான் அவன் தங்கை. என்னைக் கட்டியவர் போய்ச் சேர்ந்த பிறகு அவன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். லாண்டரிக் கவுண்டரில் உட்கார்ந்து ஊரார் அழுக்கை வாங்கி வைப்பது என் வேலை. அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இருக்கட்டும்.

அண்ணி பல் செட் கட்டுபவர். மருந்துக் கடைக்கு அடியில், படி இறங்கிப் போனால் ஓர் அறை, அதுதான் லேப். பாதிப் படியிலேயே பிளாஸ்டர் பொடி மூக்கில் ஏறும். பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அங்கே அனுப்புவார்கள். அண்ணி அச்சு வார்த்து, ரோஸ் நிற மெழுகில் ஈறு செய்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, வேக வைத்து, மெருகு ஏற்றி அனுப்புவார். எங்கள் ஊரில் அந்த வேலைக்கு வேறு இடம் கிடையாது. ஊர்க் கிழவர்களில் பாதிப் பேர் அண்ணி நட்ட பல்லால்தான் மெல்லுகிறார்கள். லேபில் அவருக்குப் பல்லம்மா என்று பெயர்.

ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போனபோது, கூட வேலை செய்யும் பெண்ணை அண்ணி கடிந்துகொண்டிருந்தார். அவள் கட்டிய மேல் செட்டை ஒரு கிழவர் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். பேசினால் நிற்கிறதாம், மென்றால் நிற்கிறதாம், சிரித்தால் மட்டும் கழன்று விழுகிறதாம். அண்ணி அதை எனக்கும் விளக்கினார். மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் நடுவில் ஈறோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்னத் தசை தெரியும். செட்டில் அதற்கு இடம் விட்டு வெட்ட வேண்டும். விடாவிட்டால் வாயை அகலமாக இழுக்கும்போது அந்தத் தசை செட்டைக் கீழே தள்ளிவிடும்.

"சிரிக்க முடியாத செட்டு செட்டே இல்ல. முதல்ல இருந்து செய்," என்றார் அந்தப் பெண்ணிடம். வேலை விஷயத்தில் அண்ணி அவ்வளவு கறார்.

வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று அண்ணியைத்தான் கேட்க வேண்டும். பால்பல்லின் வெள்ளை, புகை பிடிப்பவன் வெள்ளை, உயிர் போன பல்லின் வெள்ளை, எல்லாம் அவருக்குத் தனித்தனி. நமக்கு எல்லாமே சுண்ணாம்புதான்.

கல் பைத்தியம் பிடித்தது லேப் முதலாளியால். ஒரு விடுமுறையில் எல்லாரையும் ரத்தினச் சுரங்கம் பார்க்க அழைத்துப் போனார். சுரங்கம் என்றதும் நான் குகையும் விளக்குமாகக் கற்பனை செய்திருந்தேன். பிறகு போய்ப் பார்த்தால், வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டி மறந்துபோன மாதிரி ஒரு பெரிய பள்ளம். பக்கத்தில் அதிலிருந்து அள்ளிக் கொட்டிய சரளை மேடு. வரிசையாகத் தண்ணீர்த் தொட்டிகள். டிக்கெட் எடுத்தால் ஒரு வாளி சரளையும் ஒரு சல்லடையும் கொடுப்பார்கள். கழுவித் தேடிக்கொள்ள வேண்டியது நம் பாடு. அன்றைக்கு மற்றவர்கள் சலித்துப்போய் நிழலில் சீட்டாடினார்களாம். அண்ணி மட்டும் கேட்டைப் பூட்டும் வரை தொட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடுகளவு சிவப்புத் துணுக்கு ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். அதை எனக்குக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் சுரங்கம்தான். கல் தேடுகிறவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் போவார்கள். லாண்டரி லீவு என்றால் நானும் ஏறிக்கொள்வேன். எனக்குக் கல்லில் ஆசையில்லை. வீட்டில் இருந்தால் அண்ணனோடு இருக்க வேண்டும்.

அண்ணனுக்கு இது போதாதா? "கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம். ஞாயித்துக்கிழமை ஆனா எனக்குப் பொண்டாட்டியவே காணோம்," என்பான். முதல் தடவை நானும் சிரித்தேன். வருகிற விருந்தாளிக்கெல்லாம் அதையே பரிமாறினான். அது ஊசிப்போனதும் இன்னொன்றைக் கண்டுபிடித்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி யாராவது வாயெடுத்தால் உடனே அண்ணியின் கண்ணாடி அலமாரியைக் காட்டுவான்.

"யாரு சொன்னது எங்களுக்குப் பிள்ளை இல்லைன்னு? அலமாரி நிறைய இருக்கு. என்ன, எல்லாம் கல்லாப் பொறந்துடுச்சு."

அண்ணி தேநீர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்கும். எனக்கு அவன் வாயில் அறைய வேண்டும் போல இருக்கும்.

அந்த அலமாரியில் முன் வரிசையில் பளபளவென்று நிற்பதெல்லாம் சாதாரணப் படிகக் கற்கள். பார்க்க அழகு, விலை ஒன்றுமில்லை. உண்மையான சொத்து பின்னால், ஒரு பழைய பல் செட் டப்பாவுக்குள் பஞ்சில் சுற்றிக் கிடந்தது. பாக்குக் கொட்டை பருமனில் ஒரு கலங்கல் வெள்ளைக் கல். முகம் மழித்துவிட்டுத் தேய்க்கும் படிகாரக் கட்டி என்றுதான் யாரும் சொல்வார்கள்.

அதை அண்ணி சுரங்கத்தில் எடுக்கவில்லை. ஒருமுறை திரும்பும் வழியில் வேன் பழுதாகி ஒரு காய்ந்த ஓடையருகே நின்றது. ஆளாளுக்கு ஓடையில் இறங்கிக் கிளறினார்கள். எல்லாரும் மிதித்துத் தாண்டிப் போன கல்லை அண்ணி எடுத்தார். "அந்த வெள்ளை வேற வெள்ளை," என்றார் என்னிடம். வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, கல்லுக்கு அடியில் டார்ச்சைப் பிடித்தார். ஓரத்தில், நகத்தடி ரத்தம் கட்டின மாதிரி, லேசாக ஒரு நீலம் தெரிந்தது. இன்னொரு பக்கம் துருப்பிடித்த மெல்லிய கோடு.

"இதுக்குப் பால் கல்லுன்னு பேரு. பெரிய சூளையில வச்சுச் சுட்டா, உள்ள இருக்கிற பால் கலைஞ்சு முழுசா நீலமாயிடும். இல்லைன்னா வெடிச்சுத் தூளாயிடும்."

"சுட்டுடலாமே அண்ணி. உங்க லேபுல அடுப்பு இருக்கே?"

"அந்தச் சூடு பத்தாது. அதுக்குன்னு சூளைக்காரர் ஒருத்தர் இருக்காரு." கல்லைப் பஞ்சில் சுற்றினார். "பயமா இருக்கு. கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்."

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நீலமாயிட்டா, வித்துட்டு, நாம ரெண்டு பேரும் சின்னதா ஒரு தனி வீடு பார்த்துப் போயிடலாமா? சத்தமில்லாம இருக்கலாம்."

நான் உடனே சரி என்றேன். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா என்று கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வீடு கொஞ்சம் கொஞ்சமாக உருவானது. ஜன்னல் எந்தப் பக்கம், என் கட்டில் எந்தச் சுவரோரம் என்பது வரை முடிவாகிவிட்டது. கடைசியில் அண்ணி தைரியம் வந்து சூளைக்காரரிடம் பேசினார். அந்த மாதம் முடிந்ததும் கல்லைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

அந்த மாதம் முடிவதற்குள்தான் அண்ணனுக்குச் சுரங்கம் பார்க்க ஆசை வந்தது.

"நானும் வர்றேன். எம் பொண்டாட்டி எங்க போறா, யாரோட மண்ணள்ளி விளையாடறான்னு பார்க்க வேணாமா?" என்றான். ஷோரூமில் கூட வேலை செய்யும் இரண்டு பேரையும் அவர்கள் மனைவிமாரையும் சேர்த்துக்கொண்டான். ஒருவர் கட்டில் பிரிவு, இன்னொருவர் சோஃபா பிரிவு. வேன் சோஃபாக்காரருடையது. வழி நெடுக அண்ணன் பேச்சு, மற்றவர்கள் சிரிப்பு. அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் சல்லடையை வைத்துக்கொண்டிருந்தார். உள்ளூர அவருக்குச் சந்தோஷம். புருஷன் தன் கூட ஓரிடத்துக்கு வருகிறானே என்று. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

சுரங்க வாசலில் ஒரு பலகை. இரண்டே விதி. கட்டைவிரல் நகத்தை விடச் சின்னக் கல் கிடைத்தால் எடுத்தவருக்கு. பெரிதாக இருந்தால் சுரங்கத்துக்கு. எடுத்தவர் படம் சுவரில் மாட்டப்படும், ஒரு வருடத்துக்கு அனுமதி இலவசம். இரண்டாவது விதி, வெளியிலிருந்து கல் கொண்டுவந்து சரளையில் போடுபவரைப் போலீஸில் ஒப்படைப்போம் என்பது. கண்ணாடிச் சில்லைக் கொண்டுவந்து போட்டு, இங்கே தோண்டி எடுத்தது என்று விற்று ஊரை ஏமாற்றியவர்கள் உண்டாம். அதனால் இந்த விதியில் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. அண்ணன் பலகையைப் படிக்கவில்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான்.

அண்ணி சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். "நான் கொட்டறேன், நீ கழுவு," என்று அண்ணன் வாளியைத் தூக்கினான். எங்கிருந்து வந்தது இந்தக் கரிசனம் என்று நினைத்தேன். கொட்டும்போது கட்டில்காரரைப் பார்த்துக் கண்ணடித்தான்.

சல்லடையைத் தண்ணீருக்குள் மேலும் கீழுமாக ஆட்டி, சுழற்றினால், கனமான கல்லெல்லாம் அடியில் போய் நடுவில் சேரும். பிறகு சாக்கின் மேல் ஒரே போடாகக் கவிழ்க்க வேண்டும். அடியில் இருந்தது மேலே வரும். அண்ணி கவிழ்த்தார், சல்லடையைத் தூக்கினார். சரளைக்கு நடுவில் அந்த வெள்ளைக் கல் உட்கார்ந்திருந்தது.

துருக்கோடு மேல்பக்கமாக இருந்தது. எனக்கே தெரிந்துவிட்டது. அண்ணிக்குத் தெரியாதா? சத்தம் போடாமல் கையை நீட்டி அதை மூடினார்.

அங்கேதான் அண்ணனின் திட்டம் பிசகியது. அவன் நினைத்தது இது: அண்ணி "கிடைச்சுடுச்சு!" என்று கத்துவார். எல்லாரும் கூடுவார்கள். அப்போது அவன், "அது உன் அலமாரியில இருந்ததுடி! சொந்தக் கல்லையே அடையாளம் தெரியலை, இவ பெரிய கல் நிபுணி!" என்று சொல்லிக் கைதட்ட வேண்டும். பளபளப்பதை எடுத்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று, இருப்பதிலேயே மட்டமாகத் தெரிந்த கல்லாகப் பார்த்து டப்பாவிலிருந்து எடுத்து வந்திருக்கிறான். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.

தொட்டிகளை மேற்பார்க்கும் மேஸ்திரி கழுகுக் கண்காரர். மூடிய கையைப் பார்த்துவிட்டார்.

"கையைத் திறங்கம்மா."

"சும்மா கூழாங்கல்லுங்க."

"கூழாங்கல்லுன்னா காட்டுறதுக்கு என்ன?"

அண்ணி திறந்தார். மேஸ்திரி கல்லை வாங்கி வெயிலில் பிடித்தார். இடுப்பிலிருந்து டார்ச்சை எடுத்து அடியில் வைத்தார். அண்ணன் வாயை அகலமாகத் திறந்து, "அது யார் வீட்டு..." என்று ஆரம்பித்தான்.

"யம்மாடி! பால் கல்லு!" என்று மேஸ்திரி கத்தினார். "சுட்டா அத்தனையும் நீலம்! இவ்வளவு பெருசு இந்தக் குழியில நான் பார்த்ததே இல்லை!"

ஓடிப்போய்த் தூணில் தொங்கிய தண்டவாளத் துண்டை அடித்தார். எல்லாத் தொட்டியிலிருந்தும் ஜனம் ஓடிவந்தது. அண்ணன் திறந்த வாயை மூடினான். அப்போதுதான் அவன் கண் வாசல் பலகைக்குப் போனது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றான்.

சுரங்கத்து முதலாளியம்மா பெரிய குடைக்கு அடியில் எப்போதும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். எழுந்து வந்தார். அண்ணி தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, இது என் கல்லு. எங்க வீட்டு அலமாரியில இருந்தது."

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெருசாக் கிடைச்சா எல்லாருக்கும் அது வீட்டுக் கல்லாயிடுது. முன்ன ஒருத்தர் எங்கப்பா மோதிரத்துல இருந்து கழண்டு விழுந்ததுன்னாரு. வெட்டாத, மெருகு போடாத கல்லு, மோதிரத்துல!"

"சத்தியமா என்னுதும்மா. ஒரு பக்கம் துருக்கோடு இருக்கும் பாருங்க."

"பார்த்துட்டுத்தானே சொல்றீங்க? சரி, உங்களுதுன்னே வச்சுக்குவோம். அது எப்படி என் சரளைக்குள்ள வந்துச்சு? நீங்க கொண்டுவந்து போட்டீங்களா? அப்படின்னா பலகையில என்ன எழுதியிருக்குன்னு தெரியும்ல? எங்க எடுத்தீங்க, யாருகிட்ட வாங்கினீங்க, எல்லாத்தையும் போலீஸ்ல வந்து சொல்லுங்க."

காய்ந்த ஓடையில் பொறுக்கியது என்று போலீஸில் சொன்னால் யார் நம்புவார்கள்? அண்ணி திரும்பி அண்ணனைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் உண்மையைச் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான். விளையாட்டுக்குச் செய்தேன், மன்னித்துவிடுங்கள் என்று காலில் விழுந்திருந்தால் திட்டி அனுப்பியிருப்பார்கள். மிஞ்சிப்போனால் அவனை மட்டும் உள்ளே விடமாட்டார்கள். அவனுக்கு அதில் என்ன நஷ்டம்?

"என்னங்க, சொல்லுங்க," என்றார் அண்ணி. "நீங்கதானே போட்டீங்க? விளையாட்டுக்குத்தான்னு சொல்லிடுங்க. நான் எதுவும் கேட்க மாட்டேன்."

எல்லார் கண்ணும் அவன் மேல். அவனுக்குக் கூட்டத்தைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாதே.

"எனக்கென்னங்க தெரியும்?" என்று இரண்டு கையையும் விரித்தான். "நான் இங்க வர்றதே முதல் தடவை. கல்லுக்கும் கல்லுப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு. கல்லைப் பார்த்த சந்தோஷத்துல இவளுக்கு மூளை கலங்கிடுச்சு."

கூட்டம் சிரித்தது. கட்டில்காரர் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும். ஆனாலும் பேசவில்லை.

நான் பொறுக்க முடியாமல் முன்னால் போனேன். "பொய் சொல்றான்ம்மா. அந்தக் கல்லை நான் வீட்டுல பார்த்திருக்கேன்."

"நீங்க யாரு?"

"நாத்தனார்."

முதலாளியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணிக்காக அண்ணனைக் காட்டிக்கொடுக்கிற நாத்தனாரை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்," என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

"அவளுக்கு எம்மேல எப்பவும் காட்டம்ங்க," என்றான் அண்ணன்.

அவ்வளவுதான், முடிந்துபோனது. முதலாளியம்மாவுக்கு வேண்டியது தன் குழியில் பெரிய கல் கிடைத்தது என்ற பேச்சு. அண்ணிக்கு வேண்டியது கல். அண்ணனுக்கு வேண்டியது கைதட்டல். மூன்றில் இரண்டு ஆசை நிறைவேறியது. படம் எடுக்கக் கூப்பிட்டபோது அண்ணி போகவில்லை. அண்ணன் மட்டும் உள்ளங்கையில் கல்லை ஏந்தி, ஈறு தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். ஒரு வருட இலவச அனுமதியும் அவன் பேரில் எழுதப்பட்டது. அண்ணி தொட்டிக்குத் திரும்பிப் போய், வாளியில் மீதியிருந்த சரளையைக் கடைசிக் கல் வரை கழுவினார். பிறகு சல்லடையை அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன்தான் முதலில் கத்தினான்.

"அந்தப் படிகாரக் கட்டி இவ்வளவு பெறும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? கட்டின புருஷன்கிட்ட மறைச்சு வச்சே பாரு, அதுக்குத்தான் இது. போதாததுக்கு எல்லார் முன்னாடியும் என்னைப் போலீஸ்ல மாட்டிவிடப் பார்த்தே!" கொஞ்ச நேரம் கழித்துச் சமாதானமும் அவனே சொன்னான். "விடு. ஒரு கல்லு போனா என்ன? அதான் அலமாரி நிறைய கிடக்கே."

அண்ணி அலமாரியிலிருந்த கற்களையெல்லாம் ஒரு வாளியில் அள்ளி, மழை பெய்தால் சேறாகும் எங்கள் கொல்லைப் பாதையில் கொட்டினார். நடப்பதற்கு வசதியாக இருந்தது. தனி வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசவே இல்லை. ஜன்னல் எந்தப் பக்கம் என்று எனக்கு மட்டும் ஞாபகம் இருந்தது.

சுரங்கத்தார் கல்லைச் சுட்டார்கள். வெடிக்கவில்லை. முழு நீலமாக வந்ததாம். டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே அண்ணன் படத்தை மாட்டினார்கள். அண்ணி ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்தார். அண்ணன் இலவச அனுமதியை எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்குப் போக ஆரம்பித்தான். கல் தேட இல்லை. வருகிறவர்களை அந்தப் பெட்டி முன்னால் நிறுத்தி, தான் அதைக் கண்டெடுத்த கதையைச் சொல்ல. கதையில் அண்ணி வருவார். கல்லைக் கையில் வைத்துக்கொண்டே அது என்னவென்று தெரியாமல் முழித்த மனைவியாக. வீட்டுக்கு வந்து அதை எங்களுக்கும் சொல்லிக் காட்டுவான். முதலாளியம்மாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. வருடம் முடிந்த பிறகும் அவனிடம் டிக்கெட் கேட்கவில்லை.

ஈறில் ரத்தம் வருகிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று அண்ணி கல்யாணமான புதிதிலிருந்தே அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். "உனக்கு ஊரான் பல்லெல்லாம் சொத்தையாத்தான் தெரியும்," என்று கிண்டல் செய்தானே தவிரப் போகவில்லை. அந்தக் கல் விவகாரத்துக்குப் பிறகு அண்ணி சொல்வதையும் நிறுத்திவிட்டார். பற்கள் ஆட ஆரம்பித்தன. கடைசியில் மேல்வரிசை முழுவதையும் பிடுங்க வேண்டியதாயிற்று. சிரிப்பை வைத்துப் பிழைத்தவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவனுக்குச் சொல் போகவில்லை, சொல்லத்தான் வெட்கம்.

"நல்லாச் செஞ்சு கொடு," என்றான் அண்ணியிடம். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கெஞ்சினான். "பழைய பல்லு மாதிரியே இருக்கணும்."

"நானே செய்றேன்," என்றார் அண்ணி.

செய்தார். நான் போயிருந்தபோது மெருகு போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு அழகான பல் வரிசையை நான் பார்த்ததில்லை. நிறம் கூட அவனுடைய பழைய வெள்ளையேதான். வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம், உதட்டுக்கு உள்ளே வரும் ஓரம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வழவழவென்று ஒரே சீராக இருந்தது. நடுவில் வெட்டு இல்லை.

நான் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கி டப்பாவில் வைத்தார். பால் கல் இருந்த அதே டப்பா.

அண்ணனுக்குப் பரம திருப்தி. கண்ணாடியில் உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டான். பேசிப் பார்த்தான், ரொட்டியைக் கடித்துப் பார்த்தான், நின்றது. அடுத்த ஞாயிறே சுரங்கத்துக்குக் கிளம்பினான். பெரிய கூட்டம் வருகிறது, பழைய மாதிரி வந்து கதை சொல்ல வேண்டும் என்று முதலாளியம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

"நானும் வர்றேங்க," என்றார் அண்ணி. அன்றைக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. நானும் ஏறிக்கொண்டேன்.

தொட்டி ஓரமாக அவனை நிற்க வைத்துக் கூட்டத்தைக் கூட்டினார்கள். அண்ணன் கதையை ஆரம்பித்தான். மனைவி முழித்த இடம் வந்தது. தான் சொல்லும் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பது அவன் வழக்கம். தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலமாகத் திறந்தான்.

மேல் செட்டு கழன்று தொட்டியில் விழுந்தது.

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. மேஸ்திரிதான் பழக்கதோஷத்தில் சல்லடையை விட்டுத் துழாவித் தூக்கினார். சரளைக்கு நடுவில் பல் வரிசை பளிச்சென்று சிரித்தது.

"கட்டைவிரல் நகத்தை விடப் பெருசா இருக்கே!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "அப்ப முதலாளியம்மாவுக்குத்தான்!"

யாரோ ஒருவன் போய்த் தண்டவாளத் துண்டை வேறு அடித்துவிட்டான். மற்றத் தொட்டிகளிலிருந்தும் ஜனம் ஓடிவந்தது. முதலாளியம்மா குடைக்கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவன் சிரிக்க வைத்த எந்தக் கூட்டமும் அப்படிச் சிரித்ததில்லை. அவன் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான். யாராவது வந்து காப்பாற்ற மாட்டார்களா என்ற பார்வை. அந்தப் பார்வையை இதே இடத்தில் நான் முன்பு பார்த்திருக்கிறேன். எனக்குப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை.

அண்ணி சல்லடையிலிருந்து செட்டை எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, முந்தானையால் துடைத்து அவன் கையில் கொடுத்தார்.

"சிரிக்காம இருந்தா நிக்கும்ங்க," என்றார் அமைதியாக.

அவன் வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். அண்ணி கவுண்டரில் டிக்கெட் எடுத்து ஒரு வாளி சரளை வாங்கினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நீலக் கல்லைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு தொட்டியில் இறங்கினார்.

அவன் பிறகு டாக்டர் டாக்டராகப் போனான். எந்த டாக்டர் அளவெடுத்தாலும் அது மருந்துக் கடைக்கு அடியில் அதே மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. ஒவ்வொரு முறையும் அண்ணி கண்ணும் கருத்துமாக, புதிதாகக் கட்டிக் கொடுக்கிறார். பேசலாம், மெல்லலாம். ஷோரூமில் அவனை இப்போது கிடங்கில் போட்டிருக்கிறார்கள். விருந்தாளி வந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறான்.

போன வாரம் சமையலறையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணி ஒரு புதுக் கல்லை டார்ச் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், மிளகு அளவில் ஏதோ ஒன்று. அண்ணன் கூடத்தில் இருந்தான். இருக்கிற சத்தமே இல்லை.

"அந்தத் தனி வீடு..." என்று நான் மெல்ல ஆரம்பித்தேன்.

அண்ணி டார்ச்சை அணைத்தார். கூடத்துப் பக்கம் காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"எதுக்கு?" என்றார். "இதுவே நல்லா இருக்கே."